மூளையின் காவல்காரனைக் கண்டுபிடித்தவர்

இரண்டாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பட்டயப் பிரிவு



ஐன்ஸ்டீனைத் தெரியாதவர் கிடையாது. நியூட்டனைத் தெரியும், மேரி கியூரியைத் தெரியும், நம்ம சி.வி. ராமனைத் தெரியும். பியோ டெல் ரியோ ஓர்ட்டேகாவைத் தெரியுமா? நம் கல்லூரியில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மூளையைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இந்த ஸ்பெயின் நாட்டு மனிதரின் பெயர் நன்றாகத் தெரியும். நம் மண்டை ஓட்டுக்குள் ஒரு காவல்காரன் குடியிருக்கிறான், அவன் சும்மா இருக்கும்போது ஒரு வடிவத்திலும் ஆபத்து வந்தால் வேறு வடிவத்திலும் இருக்கிறான் என்று 1919-ல் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர். அந்தக் காவல்காரனுக்கு மைக்ரோக்ளியா என்று பெயரும் வைத்தார்.

மைக்ரோக்ளியா என்பது மூளைக்குள் வாழும் நோய் எதிர்ப்புச் செல். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் செய்கிற வேலையை மூளைக்குள் இது செய்கிறது. தலையில் அடிபட்டால் முதலில் ஓடி வருவது இதுதான். குப்பையை அள்ளுவதும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், அடிபட்ட மூளையை மேலும் கெடுப்பதிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரன் கம்பைச் சுழற்றி வீட்டுப் பாத்திரங்களையும் உடைத்த கதைதான். இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம்மில் பாதிப் பேர் பைக்கில் வருகிறோம். ஹெல்மெட் பெரும்பாலும் டேங்க் மேலேதான் உட்கார்ந்து வருகிறது!

கோட்டை இருக்கும் ஊர்

ஸ்பெயினில் வல்லடோலிட் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் போர்ட்டில்லோ என்று ஒரு சின்ன ஊர். ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அந்த ஊரில் 1882-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி பிறந்தார் ஓர்ட்டேகா. வல்லடோலிட்டில் மருத்துவம் படித்து 1905-ல் பட்டம் வாங்கினார். படிப்பு முடிந்ததும் சொந்த ஊருக்கே வந்து கொஞ்ச காலம் கிராமத்து டாக்டராக வேலை பார்த்தார். ஊரில் டாக்டர் என்றால் மரியாதைக்குக் கேட்கவா வேண்டும்? அங்கேயே இருந்திருந்தால் நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் மனசு மைக்ரோஸ்கோப்பில்தான் இருந்தது. மாத்ரித் நகருக்குப் போய் மூளைக் கட்டிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ், பெர்லின் சோதனைக்கூடங்களிலும் போய்ப் பயிற்சி எடுத்தார்.

மாத்ரித்தில் அவருக்கு நல்ல குரு கிடைத்தார். நிக்கோலஸ் அச்சுகாரோ என்பது அவர் பெயர். மறதி நோய்க்குத் தன் பெயரைத் தந்த அல்சைமரிடம் நேரடியாகப் பயின்றவர் அவர். சிஷ்யனைத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த நல்ல மனிதர் 1918-ல், நாற்பது வயதுகூட ஆகாமல், நோயில் இறந்துபோனார். ஆய்வகத்தின் பொறுப்பு ஓர்ட்டேகாவின் தோளில் வந்து விழுந்தது.

மூன்றாவது ஆள் யார்?

அந்தக் காலத்தில் மூளை ஆராய்ச்சிக்கு ஸ்பெயினில் ஒரு மலை மாதிரி நின்றவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்புச் செல்களான நியூரான்கள் தனித்தனியானவை என்று காட்டி 1906-ல் இத்தாலியின் கோல்ஜியுடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர். ஓர்ட்டேகாவின் ஆய்வகமும் கஹாலின் ஆய்வகமும் ஒரே கட்டடத்தில்தான் இயங்கின.

மூளையில் நியூரான் முதல் ஆள். அதைத் தாங்கிப் பிடிக்கிற நட்சத்திர வடிவச் செல், அதாவது ஆஸ்ட்ரோசைட், இரண்டாவது ஆள். இவை இரண்டும் இல்லாமல் சின்னச் சின்னதாக, கிளைகளே இல்லாத உருண்டை மாதிரி இன்னும் ஏதோ தெரிகிறது என்று கஹால் கண்டார். 1913-ல் அதை மூன்றாவது உறுப்பு என்று குறித்து வைத்தார். அது என்ன, எதற்காக இருக்கிறது என்பது அவருக்கும் பிடிபடவில்லை. ஏன் என்றால் சாயம் சரியாக ஏறவில்லை! செல்லுக்குச் சொந்த நிறம் கிடையாது. சாயம் ஏறினால்தான் கண்ணுக்குத் தெரியும். சாயம் ஏறாத கிளைகள் இல்லாத கிளைகளாகவே போய்விடும்.

வெள்ளியும் அம்மோனியாவும்

இங்கேதான் கெமிஸ்ட்ரி உள்ளே வருகிறது. ஓர்ட்டேகா 1918-ல் ஒரு புது சாய முறையைக் கொண்டுவந்தார். சில்வர் நைட்ரேட் கரைசலில் சோடியம் கார்பனேட் சேர்த்தால் சில்வர் கார்பனேட் வீழ்படிவாக இறங்கும். அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வீழ்படிவு கரைகிற அந்த நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் வேலை கெட்டது! நம்ம லேபில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கை நடுங்குமே, அதே கதைதான். பதப்படுத்திய மூளையை மெல்லிசாகச் சீவி, அந்தத் துண்டை இந்தக் கரைசலில் ஊறவைத்து, பிறகு ஃபார்மலினில் போடுவார். ஃபார்மலினில் இருப்பது ஒரு ஆல்டிஹைடு. அது வெள்ளி அயனியை ஒடுக்கி உலோக வெள்ளியாக மாற்றி செல்லின் மேல் படிய வைக்கும். செல் கறுப்பாகத் தெரியும். பிளஸ் டூவில் டெஸ்ட் டியூபின் உட்புறம் கண்ணாடி மாதிரி வெள்ளி படியுமே, டாலன்ஸ் சோதனை, அதற்கு அண்ணன் தம்பி முறைதான் இது.

இந்த முறையில் பார்த்தபோது, உருண்டை என்று நினைத்திருந்த செல்லுக்கு முள் முள்ளாக, கொடி மாதிரி கிளைகள் இருப்பது தெரிந்தது. அது மட்டுமல்ல, கஹால் ஒன்று என்று நினைத்த மூன்றாவது உறுப்பு உண்மையில் இரண்டு வகைச் செல். ஒன்று மைக்ரோக்ளியா. இன்னொன்றுக்கு ஒலிகோடெண்ட்ரோசைட் என்று பெயர். நரம்பு இழைகளுக்கு மேலுறை போடுவது இந்த இரண்டாவது வகை. வயருக்கு இன்சுலேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடிபட்ட இடத்துக்கு ஓடும் செல்

1919-ல் ஓர்ட்டேகா வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். விலங்குகளின் மூளையில் சிறு காயம் உண்டாக்கி, வெவ்வேறு நாட்களில் துண்டெடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தார். காயம் இல்லாத இடத்தில் மைக்ரோக்ளியா கிளைகளை விரித்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது. காயத்துக்குப் பக்கத்தில் கிளைகள் குட்டையாகித் தடிக்கின்றன. இன்னும் கிட்டே போனால் கிளையே இல்லை. செல் அமீபா மாதிரி உருண்டு நகர்ந்து, இறந்த செல்களின் துண்டுகளை விழுங்கி வயிறு பெருத்து நிற்கிறது. இப்படிக் குப்பை நிறைந்த செல்கள் காயம்பட்ட மூளையில் இருக்கின்றன என்று முன்னமே தெரியும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சண்டை. மைக்ரோக்ளியாதான் அப்படி மாறுகிறது என்று படிப்படியாகக் காட்டினார் ஓர்ட்டேகா.

இன்னொன்றும் சொன்னார். இந்தச் செல் மூளையின் மற்றச் செல்கள் பிறக்கிற அடுக்கில் பிறக்கவில்லை, கரு வளரும்போது வெளியிலிருந்து உள்ளே குடிவந்தது என்றார். பல பேர் நம்பவில்லை. 2010-ல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று, கருவோடு இருக்கும் மஞ்சள் கருப் பையில் தோன்றும் ஆதி ரத்தச் செல்களிலிருந்துதான் மைக்ரோக்ளியா வருகிறது என்று காட்டியது. சாயம் ஏற்றிய இறந்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தத் திசையைக் காட்டியிருக்கிறார் பாருங்க!

வெளியே போகச் சொன்னார்கள்

சாதித்தவருக்கு என்ன பரிசு கிடைத்தது? 1920-ல் அவரை அந்த ஆய்வகத்தை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார் கஹால். கண்டுபிடிப்பில் கருத்து வேறுபாடு ஒரு பக்கம். ஆய்வகத்துக்குள் கோள் மூட்டல், சில்லறை மனஸ்தாபம் இன்னொரு பக்கம். தான் தெய்வமாக மதித்த பெரியவரே வெளியே போகச் சொன்னால் மனசு என்ன பாடுபடும்? ஆனால் ஓர்ட்டேகா முடங்கிப் போகவில்லை. மாத்ரித்தில் மாணவர் விடுதி ஒன்றில் ஒரு சின்ன ஆய்வகம் அவருக்கு ஒதுக்கினார்கள். ஒலிகோடெண்ட்ரோசைட் பற்றி அவர் 1921-ல் எழுதியது அங்கே போன பிறகுதான். பின்னாளில் கஹாலுடனான பிணக்கும் தணிந்தது.

அந்தச் சின்ன ஆய்வகத்தைத் தேடி 1924-ல் அட்லாண்டிக் கடல் தாண்டி ஒரு இளம் அறுவை மருத்துவர் வந்தார். அவர்தான் வைல்டர் பென்ஃபீல்ட். பிற்காலத்தில் கனடாவின் மான்ட்ரியலில் பெரிய நரம்பியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிறகு வலிப்பு வருகிறது, மூளையில் ஏற்படும் தழும்புதான் காரணமா என்பது அவருடைய கேள்வி. அதற்குச் சாயம் வேண்டும், சாயம் தெரிந்தவர் மாத்ரித்தில் இருக்கிறார் என்று கப்பல் ஏறி வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து மூளைக் காயம் எப்படி ஆறித் தழும்பாகிறது என்று ஆராய்ந்து 1927-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மைக்ரோக்ளியா குப்பையை அள்ளுகிறது, ஆஸ்ட்ரோசைட் தழும்பு கட்டுகிறது என்ற விவரமெல்லாம் அதில் வந்தது.

போரும் ஹெல்மெட்டும்

பிறகு அவர் மாத்ரித்தில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. மாத்ரித் நகரத்தின் ஓரம் வரைக்கும் போர்முனை வந்துவிட்டது. ஓர்ட்டேகா முதலில் வலென்சியாவுக்கும் அங்கிருந்து பாரிஸுக்கும் போனார். அதன்பின் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஊர் ஊராக அகதி.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு இடம் கொடுத்தவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். கெய்ர்ன்ஸின் பெயரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தின் நிஜ லாரன்ஸ் 1935-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். அந்த மரணத்தை அவர் மறக்கவில்லை. ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் வண்டி ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. காயத்துக்குப் பின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தவரும், காயமே படாமல் தடுக்கப் பார்த்தவரும் கொஞ்ச காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள்!

இரண்டாம் உலகப்போர் அங்கேயும் துரத்தியது. 1940-ல் ஓர்ட்டேகா கப்பலேறி அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸுக்குப் போனார். அங்கும் ஒரு ஆய்வகம் அமைத்து, ஒரு ஆய்வு இதழும் தொடங்கினார். 1945-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி புற்றுநோயால் அங்கேயே இறந்தார். வயது 63. சொந்த மண்ணுக்கு உயிரோடு திரும்பவே இல்லை. 1986-ல்தான் அவருடைய எலும்புகளை வல்லடோலிட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இப்போது அந்த நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காவல்காரனின் இரண்டு முகம்

ஓர்ட்டேகா கண்டது துப்புரவு வேலையை. அவர் காலத்துக்குப் பிறகு தெரிய வந்தது மறுபக்கம்.

தலையில் அடி விழும் அந்த நொடியில் சில நியூரான்கள் உடைகின்றன, ரத்தக்குழாய் கிழிகிறது. இது முதல் சேதம். எந்த மருந்தாலும் இதை மாற்ற முடியாது. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. உடைந்த செல்களிலிருந்து ஏ.டி.பி. போன்ற பொருட்கள் வெளியே கசியும். செல்லுக்குள் இருக்க வேண்டிய சரக்கு வெளியே சிந்தினால் அதுவே அபாயச் சங்கு. மைக்ரோக்ளியா அதை உணர்ந்து சில நிமிஷங்களிலேயே காயத்தை நோக்கிக் கிளையை நீட்டுகிறது. 2005-ல் உயிருள்ள எலியின் மூளையிலேயே இதைப் படம் பிடித்துவிட்டார்கள். அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில்கூட அது கிளைகளை ஆட்டி ஆட்டிச் சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறதாம். தூங்காத காவல்காரன்!

பிறகு அது இன்டர்லூக்கின், டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைப் பொருட்களையும், நைட்ரிக் ஆக்ஸைடு, ஆக்ஸிஜன் தனி உறுப்புகள் மாதிரியான காரமான ரசாயனங்களையும் வெளியிடுகிறது. கிருமி வந்திருந்தால் அதைக் கொல்ல இது தேவை. ஆனால் பைக்கிலிருந்து விழுந்தவன் மூளையில் பெரும்பாலும் கிருமி ஏது? ரசாயனம் பக்கத்தில் இருக்கிற நல்ல நியூரானைத் தாக்குகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு கசியத் தொடங்குகிறது. அந்த வழியாக ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சில மணி நேரத்தில் வந்து சேரும். அடுத்த சில நாட்களில் மோனோசைட்டுகள் வரும். கசிவும் அழற்சியும் சேர்ந்து வீக்கம் கூடுகிறது. காலில் வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டை ஓடு விரியுமா? மூடிய பாத்திரத்தில் கொள்ளளவு ஏறினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ரத்தம் உள்ளே போக முடியாது. ரத்தம் போகாவிட்டால் பிழைத்திருந்த நியூரானும் சாகும். இதுதான் இரண்டாவது சேதம். மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடப்பது. அடிபட்டவன் எழுந்து பேசிவிட்டு, ராத்திரி மயங்கி விழுவதற்கு மண்டைக்குள் ரத்தம் கட்டுவதும் இந்த வீக்கமும்தான் முக்கியக் காரணங்கள்.

அப்படியானால் இந்தச் செல்களை மருந்து போட்டு அடக்கிவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தலைக்காயத்துக்குப் பல வருஷம் கொடுத்து வந்தார்கள். அது உண்மையில் உதவுகிறதா என்று பல நாடுகளில் 10,008 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து கொடுத்தவர்களில் 21.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 17.9 சதவீதம். அதாவது நல்லது என்று கொடுத்த மருந்தால் சாவு கூடியிருக்கிறது! சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2018-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் 15 பேரில் ஒரு பகுதியினருக்கு மினோசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மைக்ரோக்ளியாவின் கொதிப்பு ஸ்கேனில் குறைந்தது. ஆனால் நரம்பு சிதைவதைக் காட்டும் ஒரு பொருள் ரத்தத்தில் கூடியது. காவல்காரன் வீட்டை உடைக்கிறான் என்பதும் நிஜம், அவனைக் கட்டிப்போட்டால் குப்பை அள்ள ஆள் இல்லை என்பதும் நிஜம். எப்போது அடக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்களின் போராட்டம்.

அடி ஆறினாலும்

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பைக்கில் விழுந்து பல வருஷம் ஆகிறது. தையல் தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. ஆனால் பழைய அண்ணன் இல்லை. சட்டென்று கோபம், மறதி, ஒரு வேலையிலும் நிற்க முடியவில்லை. அடிதான் எப்பவோ ஆறிடுச்சே, இவன் வேணும்னே செய்யறான் என்று அவர் வீட்டிலேயே பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்கள் பக்கம் வேறு ஆள் கிடையாது. 2011-ல் வந்த ஒரு ஆய்வில், தலைக்காயம் பட்டு 17 வருஷம் ஆனவர்களின் மூளையில்கூட மைக்ரோக்ளியா இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அந்த அண்ணனுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் வெளியே ஆறியது உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, இது மட்டும் தெரிகிறது. இதை அவர் அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார்.

நண்பர்களே, ஓர்ட்டேகா ஆய்வகத்தை இழந்தார், நாட்டை இழந்தார். எந்த ஊருக்குத் துரத்தினாலும் அங்கே ஒரு மைக்ரோஸ்கோப்பை வைத்து வேலையைத் தொடங்கினார். நமக்கும் லேபில் ஒரு சொட்டு அம்மோனியா கூடிவிட்டால் அலுத்துக்கொள்ளாமல் திரும்பச் செய்வோம். யாருக்காவது தலையில் அடிபட்டால், எழுந்து நடக்கிறானே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம், இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அதைவிட முக்கியம், டேங்க் மேல் இருக்கிற ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிப் பட்டையையும் போடுங்கள். உள்ளே இருக்கிற காவல்காரனுக்கு வேலை வைக்காமல் இருப்பதுதான் நமக்கு நல்லது.